அலுவலக நேரத்தில் வரவும்

அழிக்க வேண்டியது 117. அழித்தது 171.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்கு, இடது கையில் பாதி பிஸ்கட்டும் வலது கையில் மவுஸுமாக உட்கார்ந்திருந்த ரிமோட், இலக்கங்களைப் பார்த்தான், அவற்றின் வரிசையைப் பார்க்கவில்லை. விற்பனைப் பிரிவு மேடம் ஆபீஸ் போனை டாக்சியில் தொலைத்துவிட்டு வந்து அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, "அதுல கஸ்டமர் நம்பர் பூரா இருக்கு, உடனே அழிச்சு விடுங்க" என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். திரையில் மஞ்சள் கட்டம் எழும்பி, 'உறுதியாகவா?' என்று கேட்டது. ஆறு வருடமாக ஒரு நாளைக்கு ஐம்பது தடவை அது அப்படிக் கேட்கிறது. ஐம்பது தடவையும் அவன் 'ஆம்' என்றே அழுத்தியிருக்கிறான். கல்யாணத்தன்றுகூட இவ்வளவு சுளுவாக அவன் எதற்கும் ஆம் சொன்னதில்லை.

உறைந்த காய்கறியும் மீனும் கடைகளுக்கு அனுப்புகிற அந்தக் கம்பெனியில் மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு ஆபீஸ் போன்கள். எது எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது, யார் அதில் சீட்டு விளையாடுகிறார்கள் என்பதெல்லாம் அவன் மேஜைக்குத் தெரியும். பூட்டுவது, திறப்பது, அழிப்பது எல்லாமே நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் நடக்கிற வேலை. அதனால்தான் ரிமோட் என்று பெயர். வைத்தவன் கிண்டலுக்கு வைத்தான், இவன் பெருமையாக எடுத்துக்கொண்டு, கடைசியில் போன் பதிவேட்டிலேயே அந்தப் பெயரைத்தான் போட்டுக்கொண்டான்.

தப்பு தெரிந்தது சனிக்கிழமை காலை, பல் விளக்கும்போது. மேடம் செய்தி அனுப்பியிருந்தார்: 'இன்னும் அழியல. கூப்பிட்டா டாக்சிக்காரர் எடுத்து நலம் விசாரிக்கிறார்.' வீட்டு லேப்டாப்பைத் திறந்து பார்த்தான். 117 உயிரோடு இருந்தது. 171-க்கு எதிரே சாம்பல் நிறத்தில் 'அழிக்கப்பட்டது'.

171 யாருடையது என்று பார்க்கத் தேவையே இல்லை. மஃப்ளருடையது.

மஃப்ளர் கிடங்கில் சரக்கு அடுக்குகிறவர். நாள் முழுக்கக் குளிர்அறையில் வேலை என்பதால் வெயில் கொளுத்துகிற நாளிலும் கழுத்தில் பழுப்பு நிறக் கம்பளி மஃப்ளர் இருக்கும். இவனைவிட இரண்டு வயது பெரியவர், ஆனாலும் இவனை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். "வயசுல நான் பெரியவன், பதவியில நீங்க பெரியவங்க, கழிச்சுப் பார்த்தா நீங்கதான் அண்ணே." இந்தக் கணக்கு இவனுக்கு ரொம்பப் பிடிக்கும்.

போன மாதம் மூன்றாம் குளிர்அறைக் கதவின் உட்பக்கக் கைப்பிடி கழன்று விழுந்தது. வெளியிலிருந்து திறக்கலாம், உள்ளிருந்து முடியாது. பழுது பார்க்க ஆள் வரும்வரைக்கும் என்று கிடங்கு சூப்பர்வைசர் கதவில் ஒரு தாளை ஒட்டினார்: 'உள்ளே செல்பவர் ஆபீஸ் போன் எடுத்துச் செல்லவும்.' தடித்த இரும்புச் சுவருக்குள் வெளி சிக்னல் எட்டாது என்பதால் ரிமோட்டே போய், பின்சுவரில் ஒரு சின்ன வைஃபை பெட்டியை மாட்டிவிட்டு வந்தான். "இதுக்கு நேர் கீழே நின்னா நல்லா கிடைக்கும்" என்று சொல்லிக் கொடுத்தான். அன்றைக்கு மஃப்ளர் அவனோடு வாசல்வரை நடந்து வந்தார்.

"அண்ணே, இந்தப் போனை நம்பித்தான் உள்ள போறேன். நீங்க பாட்டுக்கு மேல உக்காந்து பூட்டிடாதீங்க. சும்மா கேக்கல, நிஜமாத்தான் கேக்கறேன். பூட்ட மாட்டீங்கல்ல?"

"யோவ், உன்னைப் பூட்டி வச்சா எனக்கு என்ன கிடைக்கும்? நாலு கிலோ பட்டாணியா?"

மஃப்ளர் சிரித்தார். இவனும் சிரித்தான். பதில் மட்டும் யாரும் சொல்லவில்லை.

அதெல்லாம் சனிக்கிழமை காலை அவன் நினைவுக்கு வரவில்லை. வந்தது மேலாளர்தான். இந்த வருடத்தில் தப்பாக அழித்தது இது மூன்றாவது போன். இரண்டாவதின்போதே மேலாளர், "இன்னொண்ணு நடந்தா உங்க நாற்காலியில வேற ஆள்" என்று சொல்லியிருந்தார், அதுவும் சிரித்துக்கொண்டே. திங்கட்கிழமை பாதுகாப்புச் சோதனைக்கு வெளியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அதற்குள், ஞாயிறு மதியம் யாருக்கும் தெரியாமல் ஆபீஸ் போய் (வீட்டு லேப்டாப்பில் பார்க்கத்தான் முடியும்) 171-ஐப் பழையபடி ஏற்றிவிட்டால் முடிந்தது கதை. லீவு நாள்தானே, மஃப்ளர் போனைத் தொடக்கூட மாட்டார்.

சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பெண் குரல் கூப்பிட்டது. போன் பெட்டியில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிடுகிறாளாம். மஃப்ளரின் மனைவி.

"அண்ணா, அவர் வழக்கமா வெள்ளிக்கிழமை ராத்திரி நேரா அக்கா வீட்டுக்குப் போயிருவாரு. இப்ப கேட்டா அங்கயும் வரலையாம். போனும் போகல. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

அவனுக்கு ஒன்று தெரியும். அதைச் சொன்னால் நாற்காலி போகும்.

"சர்வர் வேலை நடக்குதும்மா. எல்லார் போனும் அப்படித்தான் கிடக்கு. ரெண்டு நாள் புருஷன் தொல்லை இல்லாம இருங்களேன்."

அவள் சிரிக்க முயற்சி செய்தது காதில் விழுந்தது. சரிங்கண்ணா என்று வைத்துவிட்டாள். அந்த அரைச் சிரிப்பு ராத்திரி முழுவதும் அவன் தலையணைக்குள் இருந்தது.

ஞாயிறு மதியம் கிளம்பும்போது அவன் மனைவி கேட்டாள். "எப்ப வருவீங்க?"

"அரை மணி நேரம்."

"ஊர் அரை மணி நேரமா, உங்க அரை மணி நேரமா?"

வாசலில் காவலாளியின் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டாம் என்பதற்காகப் பக்கத்துப் படிக்கட்டுக் கதவைத் தன் அட்டையால் திறந்து உள்ளே போனான். மணி மூன்று இருபத்தைந்து. முதல் மாடியில் முப்பது மேஜைகளும் ஆளில்லாமல், திரைச்சீலை இடுக்குகளில் வழிந்த வெயிலில் கோடு கோடாகக் கிடந்தன. ஏசி ஓடாத அறையில் இரண்டு நாள் பழசான காப்பிப் பொடியும் சூடேறிய பிளாஸ்டிக்கும் சேர்ந்த ஒரு வாசனை தேங்கி நின்றது. மற்ற நாட்களில் பேச்சுச் சத்தத்தில் காணாமல் போகிற கீழ்த்தளத்துக் குளிர்சாதன இயந்திரம் இன்றைக்குத் தரை வழியாக ஏறிவந்து செருப்பின் அடியில் உறுமியது. தூங்குகிற மிருகத்தின் முதுகில் நடப்பது போலிருந்தது. பக்கத்து மேஜைக் குவளையில் யாரோ விட்டுப்போன கரண்டி அந்த அதிர்வில் கிணுகிணுத்துக்கொண்டே இருந்தது. அவன் அதை எடுத்து வெளியே வைத்தான். சத்தம் நின்றது. நின்ற பிறகுதான் எவ்வளவு அமைதி என்று தெரிந்தது.

கணினியைப் போட்டான். பட்டியல் விரிந்தது. 171.

'கடைசித் தொடர்பு: 4 நிமிடம் முன்பு. இடம்: கீழ்த்தளம், குளிர்அறை 3. பேட்டரி: 0%.'

முதலில் வந்தது நிம்மதி, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆக, மஃப்ளர் போனை உள்ளேயே மறந்துவிட்டுப் போயிருக்கிறார். எடுத்து வந்து சார்ஜில் போட்டு ஏற்றிவிட்டால் பத்து நிமிட வேலை. அடுத்து வந்ததுதான் சின்ன உறுத்தல். பேட்டரி பூஜ்யம் என்றால் போன் செத்துவிட்டது என்று அர்த்தம். செத்த போன் நான்கு நிமிடம் முன்பு எப்படித் தொடர்பு கொள்ளும்?

ஏதோ கோளாறு என்று வாய்விட்டுச் சொன்னான். காலியான அறையில் அந்தக் குரல் யாருடையதோ போலக் கேட்டது.

காவலாளியைக் கூப்பிட்டான், வீட்டிலிருந்து பேசுவது போல.

"அண்ணே, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மஃப்ளர் வெளிய போனாரா?"

"போயிருப்பாருங்க."

"நீங்க பார்த்தீங்களா?"

"எல்லாரும் போனாங்க சார். அவரு மட்டும் இங்க என்ன பண்ணப் போறாரு?"

"கையெழுத்துப் போட்டாரா?"

"பாதிப் பேரு போடறதே இல்லையே. நான் யாரைன்னு புடிச்சு வைக்கறது?"

"கிடங்கைச் சுத்திப் பார்த்தீங்கல்ல?"

"தினம் நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் சுத்தறேன் சார். திறந்திருந்தா சாத்துவேன், எரிஞ்சா அணைப்பேன். உள்ளல்லாம் போறதில்லை, எனக்குச் சளி."

சூப்பர்வைசருக்குப் போட்டான். பின்னணியில் குழந்தைகள் கத்தின. "லீவு நாள்ல அவன் எங்க போனா எனக்கென்ன சார்? எனக்கு ஏழு அறை, ஒரு தலை. திங்கக்கிழமை பேசலாமே."

ஒருவரும் பார்த்தேன் என்று சொல்லவில்லை. பார்க்கவில்லை என்றும் சொல்லவில்லை. இதில் யாரைக் குறை சொல்வது, நேற்று எட்டு மணிக்கு அவன் சொன்னது மட்டும் என்னவாம்?

பட்டியலின் ஓரத்தில் அவன் எப்போதும் திறக்காத ஒரு பக்கம் இருந்தது. 'நிராகரிக்கப்பட்டவை.' வழக்கமாக அதில் ஒன்றோ இரண்டோ இருக்கும்.

அதன் தலையில் இன்று 61 என்று நின்றது.

அழிக்கப்பட்ட ஆபீஸ் போன் எதற்கும் உதவாது. கூப்பிட முடியாது, செய்தி அனுப்ப முடியாது. வெள்ளைத் திரையில் இரண்டே கட்டங்கள், பெயர், காரணம். நிரப்பி அனுப்பினால் 'என்னை மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள்' என்கிற கோரிக்கையாக அது ரிமோட்டிடம் வரும். அலுவலக நேரம் ஐந்தரைக்கு முடிகிறது. அதற்குமேல் வருகிற கோரிக்கைகள் சாப்பிடும்போதெல்லாம் டிங் டிங் என்று உயிரை எடுத்ததால் அவனே ஒரு விதி எழுதி வைத்திருந்தான். ஐந்தரைக்குமேலும் லீவு நாளிலும் வருவது எதுவானாலும் அவனிடம் வராமலே நிராகரிக்கப்படும், கூடவே அவன் ரசித்து ரசித்து எழுதிய பதிலும் போகும்: 'அலுவலக நேரத்தில் வரவும். அதுவரை உலகம் எங்கேயும் ஓடிப்போகாது.'

திறந்தான். அறுபத்தொன்றும் 171.

வெள்ளி 17:52. பேட்டரி 64. பெயர்: மஃப்ளர். காரணம்: போன் அழிஞ்சு போச்சு அண்ணே. உள்ள இருக்கேன்.

வெள்ளி 17:55. பெயர்: மஃப்ளர். காரணம்: கதவு சாத்திக்கிச்சு. யாரையாவது அனுப்புங்க.

வெள்ளி 17:59. பெயர்: மஃப்ளர். காரணம்: அண்ணே விளையாடாதீங்க.

ஐந்து ஐம்பத்தொன்பதுக்கு அவன் எங்கே இருந்தான் என்று நன்றாக நினைவிருந்தது. கீழ்த்தளத்தில், காப்பி இயந்திரத்தின் பக்கத்தில், நாலு பேரை நிறுத்திவைத்து, டாக்சியில் போனைத் தொலைத்த மேடம் மாதிரி நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். குளிர்அறை வரிசை அங்கிருந்து முப்பது தப்படி.

வெள்ளி 18:04. லைட்டை அணைச்சிட்டாங்க.

வெள்ளி 18:05. அண்ணே லைட்டு.

ஒவ்வொன்றுக்கும் கீழே அவன் பதில். உலகம் எங்கேயும் ஓடிப்போகாது. உலகம் எங்கேயும் ஓடிப்போகாது. ஏழு மணிக்குமேல் காரணம் என்ற கட்டம் காலியாகவே வந்தது, சொல்ல வேண்டியதெல்லாம் பெயரிலேயே வந்தது. பெயர்: யாராவது. பெயர்: கதவு. பெயர்: விரல் மரத்துப் போச்சு. பெயர்: பெட்டிக்குக் கீழதான் இருக்கேன் அண்ணே, நீங்க சொன்ன இடத்துல.

சனி 1:15. பேட்டரி 2. பெயர்: வீட்டுல சொல்லிருங்க.

சனி 3:26. பேட்டரி 0. பெயர்: ம.

அவன் வாயில் கையை வைத்துக்கொண்டான். இயந்திரம் தரைக்கடியில் உறுமியது. எழுந்து ஓட வேண்டும். ஆனால் பட்டியல் அங்கே முடியவில்லை.

சனி 20:14. பேட்டரி 0. பெயர்: வீட்டுல கேட்டாளா அண்ணே.

சனி 20:15. பேட்டரி 0. பெயர்: சர்வர் வேலைன்னு சொன்னீங்களே.

அந்தப் பேச்சு அவன் வீட்டுச் சமையலறையில் நடந்தது. அவனுக்கும் போனில் இருந்த அவளுக்கும் மட்டும்.

ஞாயிறு 15:25. பேட்டரி 0. பெயர்: பக்கத்துப் படியில வர்றீங்க.

ஞாயிறு 15:31. பேட்டரி 0. பெயர்: கரண்டியை எடுத்துட்டீங்க.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பாமலே தெரிந்தது, பின்னால் முப்பது மேஜைகள், முப்பது காலி நாற்காலிகள். கழுத்தில் ஒரு குளிர். ஏசி ஓடவில்லை.

காவலாளியிடம் சொல்லலாம். சொன்னால் அழித்தது தெரியும். ஒரு மூச்சு நேரம், வெட்கக்கேடான ஒரே ஒரு மூச்சு நேரம், அவன் அந்த நாற்காலியை நினைத்தான். பிறகு மஃப்ளரின் மனைவியுடைய அரைச் சிரிப்பை நினைத்தான். நாசமாய்ப் போகட்டும் நாற்காலி. முதல் வேலையாக அந்த விதியைத் தூக்கினான். ஐந்தரையாவது, ஞாயிறாவது, இனி எந்தக் கோரிக்கையும் நேரே அவன் ஆபீஸ் போனுக்கு வரும்.

தூக்கிய அடுத்த நொடி, பேன்ட் பையில், டிங்.

திரையில் புதுக் கோரிக்கை. 171. சேர்த்துவிட்டால் அந்தப் போன் உயிர் பெறும். கூப்பிடலாம். பேசலாம். உள்ளே இருப்பவர் இருக்கிறார் என்றால். 'ஏற்கவும்' என்பதை அழுத்தினான். மஞ்சள் கட்டம் ஒன்று எழும்பியது, நாலைந்து வரி. கடைசி வரி, 'உறுதியாகவா?'

ஆம்.

இன்னொரு மஞ்சள் கட்டம்.

ஆம், ஆம்.

மணி மூன்று நாற்பத்தெட்டு. ஓடினான்.

படிக்கட்டில் காவலாளிக்கு மறுபடி போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. நிற்கவில்லை அவன். ஒரே ஒரு மாடி.

கீழ்த்தளத்தில் வெயில் கிடையாது. ஈர சிமெண்ட், மீன், எஞ்சின் எண்ணெய், மூன்றும் கலந்த வாடை. ஏழு கதவுகள். மூன்றாம் கதவில் அந்தத் தாள், நுனி சுருண்டு. லைட் சுவிட்சைத் தட்டினான். நீண்ட இரும்புப் பிடியை இரண்டு கையாலும் இழுத்தான். கதவு பெருமூச்சு விட்டுத் திறந்தது, குளிர்ப்புகை அவன் காலில் வெள்ளையாக வழிந்தது.

முட்டாள் இல்லை அவன். பட்டாணி நிறைந்த பிளாஸ்டிக் கிரேட் ஒன்றை இழுத்து வந்து கதவிடுக்கில் முட்டுக்கொடுத்தான். ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை.

"மஃப்ளர்?"

குழல்விளக்குகளில் இரண்டு எரிந்தன, ஒன்று துடித்தது. கடைசி வரிசை இருட்டு. மூச்சு முகத்துக்கு முன்னால் புகையாக நின்றது. அடுக்குகளுக்கு நடுவே நடந்தான். தரையில் செருப்பு ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. சரக். சரக். கதவின் உட்பக்கத்தை அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். கைப்பிடி கழன்ற ஓட்டையைச் சுற்றி, மனுஷ உயரத்தில், வெள்ளைப் பனியில் விரல் கோடுகள். நிறைய. மேலே ஆழமாக. கீழே வரவர மெலிதாக.

பின்சுவரில் வைஃபை பெட்டியின் பச்சைப் பொட்டு. அதற்கு நேர் கீழே, முழங்கால்களை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, மஃப்ளர்.

கழுத்தில் மஃப்ளர் இல்லை. பேட்டரி குளிரில் செத்துவிடக்கூடாது என்று அதைப் போனைச் சுற்றிச் சுற்றி, குழந்தையை ஏந்துவது போல இரண்டு கையிலும் வைத்திருந்தார். தலை கவிழ்ந்திருந்தது. தலைமுடியில், இமையில், மீசையில் வெள்ளை.

ரிமோட் மண்டியிட்டான். தொட்டான். கட்டை.

"நான் தெரியாம..." என்றான். மேலே வரவில்லை. தன் சட்டையைக் கழற்றி அந்தத் தோளில் போர்த்தினான். எதற்கு என்று அவனுக்கே தெரியவில்லை. பனியனோடு உட்கார்ந்து அழுதான். கண்ணீர் பாதிக் கன்னத்திலேயே நின்றுவிட்டது.

தூரத்தில் ஏதோ உரசியது.

பிளாஸ்டிக், சிமெண்டின் மேல். யாரோ சலிப்போடு, காலால், ஒரு கிரேட்டைத் தள்ளுகிற சத்தம். பிறகு இருமல். சளி இருமல்.

நாலு மணி.

"அண்ணே!" கத்திக்கொண்டே எழுந்தான், வழுக்கி விழுந்தான். "அண்ணே, உள்ள ஆள் இருக்கு..."

தொம்.

காது அடைத்தது. ஓடிப்போய்க் கதவில் மோதினான். குத்தினான். அரை அடித் தடிமன். கையில்தான் வலித்தது. கதவுக்கு ஒன்றுமில்லை.

லைட் அணைந்தது.

போன். போன் இருக்கிறது. கையில் எடுத்தான், வெளிச்சம் வந்தது. வைஃபை முழுசாக. காவலாளி நம்பர். விரலை வைத்தான்.

திரையில் ஒரு செய்தி குறுக்கே வந்தது. அவனே எழுதிய செய்தி. விற்பனைக்காரர்கள் ஆளுக்கு இரண்டு போன் அமுக்குவதைத் தடுக்க எழுதியது. 'ஒரு ஆளுக்கு ஒரு போன். உங்கள் பெயரில் புதுப் போன் சேர்க்கப்பட்டுவிட்டது. இந்தப் பழைய போன் இப்போது அழிக்கப்படும்.' படம் கிடம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும் பாவம் என்று பத்து நிமிடம் அவகாசம் வைத்திருந்தான். இளகிய மனசு. அந்தப் பத்து நிமிடமும் மாடிப்படியிலும், கிரேட்டை இழுப்பதிலும், அழுவதிலும் போயிருந்தது.

மஞ்சள் கட்டம். நாலைந்து வரி. மாடியில் ஆம் அழுத்தியபோது அவன் அதைப் படிக்கவில்லை.

அந்தக் கோரிக்கையில் இருந்த பெயர், ரிமோட்.

அவன் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான்: "போன் வெறும் டப்பா. பேர்தான் எல்லாம். பேர் எங்க போகுதோ, அதிகாரம் அங்க போகும்." பூட்டுவது, திறப்பது, அழிப்பது. கோரிக்கைகளுக்குப் பதில் சொல்வது.

திரை வெள்ளையானது. இரண்டு கட்டங்கள். பெயர். காரணம்.

வெள்ளை வெளிச்சத்தைப் பிடித்தபடி, அடுக்குகளைத் தடவித் தடவி, பெட்டியிருக்கும் இடத்துக்கே வந்தான். விரல்கள் விறைத்திருந்தன. எழுத்து எழுத்தாக அடித்தான். 'கதவு சாத்திக்கிச்சு. யாரையாவது கூப்பிடு.' அனுப்பினான்.

எதிரே, இருட்டில், கம்பளிக்குள்.

டிங்.

பழுப்புக் கம்பளியின் இழைகள் உள்ளிருந்து மெதுவாக வெளிச்சமாயின. சுற்றிய விரல்களின் ஓரம் சிவப்பாகத் தெரிந்தது. ஏதோ முறிகிற சத்தம், ஐஸ் குச்சியை வளைப்பது போல. சின்னதாக. இன்னொன்று. கட்டைவிரல். அது கண்ணாடியின் மேல் நகர்ந்தது.

பதில் வந்தது.

'உலகம் எங்கேயும் ஓடிப்போகாது அண்ணே.'

அவன் அப்படியே உட்கார்ந்தான். அவர் முகத்துக்கு நேராக. பற்கள் தாமாக அடித்துக்கொண்டன. வீட்டில் அவன் மனைவி கடிகாரத்தைப் பார்த்திருப்பாள். கூப்பிட்டுப் பார்த்திருப்பாள். போன் போகாது. சர்வர் வேலை என்று அவளிடம் சொல்லக்கூட யாரும் இல்லை.

இரண்டு நாளாக யாரிடமும் நேராகக் கேட்காத ஒரு கேள்வி இருந்தது. காவலாளியிடம் சுற்றி வளைத்தான். சூப்பர்வைசரிடம் மென்று விழுங்கினான். மஃப்ளரின் மனைவியிடம் சிரித்து மழுப்பினான். இப்போது அடித்தான். தப்புத் தப்பாக, அழித்து அழித்து.

'மஃப்ளர், நீ உயிரோட இருக்கியா?'

டிங்.

கம்பளி வெளிச்சமானது. கவிழ்ந்திருந்த தலை கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. கழுத்திலிருந்து பனித்தூள் உதிர்ந்தது. இமைகள் ஒட்டியே இருந்தன. கட்டைவிரல் முறிந்தது, நகர்ந்தது, முறிந்தது, நகர்ந்தது.

அவன் கையிலிருந்த திரையில் எழுத்து விழுந்தது.

'இல்லண்ணே.'